சமையல்காரன் துப்பாக்கி

மாட்டுக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை போட்டால் மூத்திர நாற்றத்தோடுதான் துப்பாக்கி வாங்கியாக வேண்டும். ஓஹையோவில் எங்கள் மாவட்டத் திருவிழா மைதானத்துக் கொட்டகை அந்த லட்சணம்தான். ஆகஸ்டில் பரிசு மாடுகள் நின்ற இடத்தில் அக்டோபரில் மடக்கு மேசைகளைப் போட்டு, பச்சைத் துணி விரித்து, அதன்மேல் உலகத்துப் போர்கள் அத்தனையையும் பரப்பி வைத்துவிடுவார்கள். ஒரு மூலையில் முட்டைக்கோஸ் ஊறுகாயும் சாசேஜும் வேகும். அந்த வாசனை, துப்பாக்கி எண்ணெய், மாட்டு மூத்திரம் மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் காலையில் தின்றது வெளியே வந்துவிடும். ஆனாலும் போகிறோம். வெட்கம் கெட்டவர்கள்.

வெர்ன் பிக்லர் அன்றைக்கு அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற ஆள். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அடக்கத்துக்குப் பிறகு வீட்டைக் காலி செய்யும் பொறுப்பைத் தங்கை புருஷன் டுவேன் ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டு, பின்வாசலில் சாத்தியிருந்த ஜப்பான் துப்பாக்கியை எவனுக்கோ ஒரு பெட்டி பியருக்குத் தள்ளிவிட்டான். யாருக்கு என்று கேட்டால், "தொப்பி போட்ட ஆளு" என்றான். எங்கள் ஊரில் தொப்பி போடாத ஆள் எவன்? அன்றிலிருந்து வெர்ன் ஒரு சந்தை விடாமல் அதைத் தேடிக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் அது பெரிய பொக்கிஷமில்லை. அவன் அப்பா எல்மர் பிக்லர் ராணுவத்தில் சமையல்காரர். போர் முடிந்து, சரணாகதியெல்லாம் ஆன பிறகுதான் அவருடைய கப்பல் ஜப்பான் துறைமுகத்தையே தொட்டது. கரையில் துப்பாக்கிகள் விறகு மாதிரி குவிந்து கிடந்தனவாம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொன்னார். எல்லோரும் எடுத்தார்கள் என்று அவரும் எடுத்தார். இதை அவர் மறைத்ததே கிடையாது. எவனாவது வந்து, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கண்கள் பளபளக்கக் கேட்டால், "ஒருத்தனையும் சுடலப்பா, மூவாயிரம் பேருக்கு ரொட்டி சுட்டேன்" என்பார். கேட்டவன் மூஞ்சி தொங்கிப்போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் துப்பாக்கிக்கு ஒரே வேலைதான். கொல்லையில் நின்ற கறுப்பு வால்நட் மரம் அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். எல்மர் தோட்டா அறையைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை உலக்கை மாதிரி நிமிர்த்திப் பிடித்து, பின்கட்டையால் நங்கு நங்கென்று இடித்துப் பச்சைத் தோலை உரிப்பார். அந்தத் தோலின் சாறு பட்டால் போச்சு. கைத்தோல் உரிந்து புதுத் தோல் வந்தால்தான் கறை போகும். சின்ன வயதில் அக்டோபர் முழுக்க வெர்னின் கைகள் கரி பூசியதுபோல இருக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி அறிவிப்பு நாள் விருந்தில் அப்பா சுட்ட வால்நட் கேக்கைத் தின்ன அதே கேலிக்காரர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

"பாரு வெர்ன்," என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே நார்மா சொல்லியிருந்தாள். நார்மா அவன் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், புத்தி அதைவிட நீளம். "கெடைச்சுதுன்னா குழந்தை மாதிரி இளிச்சிக்கிட்டு நிக்காத. அப்பாவோடதுன்னு ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. உன் மூஞ்சியப் பாத்தே வெலைய ஏத்திருவானுங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா போன தடவ அந்தப் பழைய கத்திக்கு அவ்வளவு குடுத்திருப்பியா? இன்னொன்னு. கையில எடுத்தா கீழ வைக்காத."

அதுதான் சந்தையின் சட்டம். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மீறினால் அடுத்த சந்தையில் ஒருவனும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். பொருள் ஒருவன் கையில் இருக்கும்வரை பேரம் அவனுடையது. பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது, விலை கூட்டக் கூடாது. காத்திருக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். அடுத்த கை எது முந்துகிறதோ அதற்கு.

நார்மா காபி வாங்கப் போனாள். வெர்ன் மேசை மேசையாக நடந்தான்.

கடைசி வரிசையில் ஹாரல் என்ற வியாபாரியின் மேசை. பெருத்த உடம்பு, தாடியில் கோழிக்கறித் துணுக்கு. கீழுதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை ஒரு சோடா பாட்டிலில் துப்புவான். பாட்டிலில் பாதிவரை பழுப்பாக நிறைந்து, நுரைத்து நின்றது. அதை மேசைமேலேயே, வாங்குகிறவர்களின் கண்ணுக்கு நேராக வைத்திருந்தான். மனுஷனா அவன்! பாட்டிலுக்குப் பக்கத்தில், சிவப்பு வெல்வெட் விரித்து, தனியாக ஒரு துப்பாக்கி. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் கொட்டை எழுத்து: "ஓகினாவா. நேருக்கு நேர். ரத்தக் கறை அசல்."

வெர்ன் அட்டையைத்தான் முதலில் பார்த்தான். பிறகு பின்கட்டையைப் பார்த்தான். இரும்புத் தகட்டுக்கு மேலே, மரத்தில் கறுப்பாக வழிந்து ஊறிய கறை. அது அவனுக்குத் தெரிந்த கறை.

"எடுத்துப் பாக்கலாமா?"

"தாராளமா, பெரியவரே. பாத்து எடுங்க, அது சரித்திரம்." ஹாரல் பாட்டிலில் துப்பினான்.

வெர்ன் எடுத்தான். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, தெரிந்தவன் எப்படிப் பார்ப்பானோ அப்படியே வரிசையாகப் பார்த்தான். குழலின் வாயைக் கூரைப் பக்கம் திருப்பினான். போல்ட்டை இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுப் பார்த்தான். போல்ட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, தோட்டா அறைக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடித்து, குழல் வழியே எட்டிப் பார்த்தான். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் கூர்மையாக, சுருள் சுருளாக ஓடின. அதிகம் சுடாத குழல். அப்பாவிடம் வந்த பிறகு ஒரு குண்டுகூட இதில் போனதில்லை. போல்ட்டில் பொறித்த எண்ணும் துப்பாக்கி உடலில் பொறித்த எண்ணும் ஒன்றுதான், எதையும் மாற்றவில்லை. திருகாணிகளின் காடி மட்டும் புதிதாகக் கடிபட்டிருந்தது. எவனோ தகாத திருப்புளியால் கழற்றியிருக்கிறான்.

பிறகு பின்கட்டை. இந்த ரகத்துப் பின்கட்டை இரண்டு துண்டு மரத்தைப் பொருத்திச் செய்வது. தெரியாதவன் விரிசல் என்று நினைப்பான். இடித்து இடித்து அந்தப் பொருத்து ஒரு வருடம் ஆட்டம் கண்டபோது, எல்மர் சமையலறை அலமாரிக் கதவிலிருந்து ஒரு பித்தளைத் திருகாணியைக் கழற்றி அதில் முடுக்கிவிட்டார். அந்த அலமாரிக் கதவு அவர் சாகும்வரை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருந்தது. வெர்ன் கட்டை விரலால் அடியில் தடவினான். தலை கொஞ்சம் கோணலாக, அதே பித்தளை. அதேதான். அப்பாவின் துப்பாக்கி.

கண் கலங்கப் பார்த்தது. அப்படியே விழுங்கிக்கொண்டான்.

இனி பார்க்க ஒன்றுதான் பாக்கி. தோட்டா அறையின் மேல்பக்கம், பூ. இந்தத் துப்பாக்கிகளிலெல்லாம் அந்த இடத்தில் ஜப்பான் மன்னரின் சாமந்திப்பூ முத்திரை இருக்கும். ஆயுதத்தை ஒப்படைக்க நேர்ந்தபோது, மன்னரின் முத்திரை எதிரி கைக்குப் போகலாகாது என்று அவர்கள் அதை அரத்தால் ராவிவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால் பூ முழுசாக இருந்தால் போர்க்களத்தில் பிடுங்கியது, விலை அதிகம். ராவியிருந்தால் குவியலில் பொறுக்கியது, விலை குறைவு. எல்மரின் துப்பாக்கியில் பூ ராவப்பட்டிருந்தது. சின்ன வயதில் அந்த வழவழப்பான பள்ளத்தில் விரலை வைத்து, "இங்க என்னப்பா இருந்துச்சு?" என்று வெர்ன் கேட்டிருக்கிறான்.

இப்போது அங்கே பூ இருந்தது.

பள்ளத்தில் உலோகத்தை உருக்கி நிரப்பி, மட்டமாக்கி, எவனோ சாமந்தியைக் குடைந்து வைத்திருந்தான். கண்றாவி. இதழ்கள் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்து, குழந்தை வரைந்த சூரியன் மாதிரி இருந்தது. மேலே தடவிய கறுப்பு மருந்து ஊதா அடித்தது. தோற்றவன் தன் மானத்துக்காக அழித்துவிட்டுக் கொடுத்ததை, ஜெயித்த தரப்பு நாதாரி ஒருவன் காசுக்காகத் திரும்பச் செதுக்கியிருக்கிறான். சீ!

"பூ முழுசா இருக்கு, பாத்தீங்களா?" என்றான் ஹாரல். "இப்பல்லாம் இந்த மாதிரி கெடைக்காது."

"ம்."

வெர்ன் விலை கேட்டான். ஹாரல் சொன்ன விலை நியாயத்துக்கு நான்கு மடங்கு. பரவாயில்லை. அவ்வளவும் வெர்னின் சட்டைப்பையில் இருந்தது. நார்மாதான் எடுத்துக் கொடுத்திருந்தாள், "எவ்வளவு கேட்டாலும் வாங்கிட்டு வா, உன் தொங்கிப்போன மூஞ்சிய இனிமே பாக்க முடியாது" என்று. அதற்குள் பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றுவிட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும், காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, பெயர் ட்ராய். ராணுவம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, ஆனால் உடம்பு முழுக்க ராணுவ உடுப்பு. கழுத்தில் ஒரு மலிவுக் கேமரா. கண் முழுக்க அந்தக் கறைமேல். சட்டப்படி வாயைத் திறக்காமல் காத்திருந்தான்.

வெர்ன் 'சரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாக அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. ஹாரலுக்கு என்ன தோன்றியதோ, கிழவன் தயங்குகிறான் என்று நினைத்துக் கதையை ஆரம்பித்துவிட்டான்.

"கறையைத் தொட்டுப் பாருங்க. பயப்படாதீங்க, கடிக்காது." கோழிக்கறி எண்ணெய் பிசுபிசுக்கும் கையால் வெர்னின் விரலைப் பிடித்து இழுத்து, அந்தக் கறைமேல் வைத்து அழுத்தினான். "இதக் கொண்டாந்தவரோட குடும்பமே என்கிட்ட சொன்ன கதை. நம்ம பக்கத்துப் பண்ணைக்காரர்தான். குகைக்குள்ள ஒரு பொடியன். பதினாறு வயசுகூட இருக்காது. தோட்டா தீந்துபோய் ரெண்டு கையையும் தூக்கிட்டான். நம்ம ஆளு விடுவாரா? அவன் துப்பாக்கியையே பிடுங்கி, பின்கட்டையால மண்டையில..." ஹாரல் கையை ஓங்கிக் காட்டினான். "தேங்காய் மாதிரி! பையன் அம்மா அம்மான்னு கத்தினானாம். அவங்க பாஷையிலயும் அது கிட்டத்தட்ட அப்படித்தானாம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்த வேகத்தில் புகையிலைச் சாறு தாடியில் ஒழுகியது. புறங்கையால் துடைத்து, அந்தக் கையையே துப்பாக்கிமேல் தட்டினான்.

மூவாயிரம் பேருக்கு ரொட்டி சுட்ட மனுஷன். ஒரு கோழியை அறுக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மனுஷன். அவரை, கையைத் தூக்கிச் சரணடைந்த பிள்ளையின் மண்டையைப் பிளந்தவராக்கி, அதை வெல்வெட்டில் படுக்கவைத்து விற்கிறான் இந்தப் பன்றி. விரலில் அந்தப் பிசுபிசுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"த்தூ!" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. நெருப்பைத் தொட்டவன்போலக் கையை உதறினான். துப்பாக்கி வெல்வெட்டில் போய் விழுந்தது.

விழுந்த சத்தம் அடங்குவதற்குள் ட்ராய் எடுத்துவிட்டான்.

அட மடையா! நார்மா அத்தனை தடவை சொன்னாளே! நான்கு வருடம் தேடினவன், கையில் கிடைத்ததைத் தானே கீழே வைத்துவிட்டான். வெர்னின் இரண்டு கைகளும் காற்றில் அப்படியே நின்றன.

"நான் இன்னும் முடிக்கல, தம்பி."

"கீழ வெச்சீங்களே சார்," என்றான் ட்ராய். மரியாதையாகத்தான் சொன்னான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பார்த்தவர்கள்தானே, என்ன சொல்ல முடியும்?

"அந்தப் பூ பொய். உலோகத்த உருக்கி ஊத்திக் குடைஞ்சிருக்கான். நல்லாப் பாரு, ஊதா அடிக்குது."

சொன்னதும் சுற்றிலும் முகங்கள் சுளித்தன. அடுத்தவன் கையில் இருக்கும் பொருளைக் குறை சொல்வதா? ஹாரல் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா? கை விட்டுப் போனதும் சரக்கு பொய்யாயிடுச்சு! பெரியவரே, இந்த வித்தையெல்லாம் நான் நடக்கப் பழகுற காலத்துலயே பாத்துட்டேன். நரைச்ச மீசைக்காவது மரியாதை குடுங்க."

ஓரிருவர் சிரித்தார்கள். ட்ராய் பூவைப் பார்க்கக்கூட இல்லை. கறையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம், மூக்கை வைத்து மோந்தான்!

அப்போதுதான் நார்மா இரண்டு காபிக் கோப்பையோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள், ட்ராயின் கையைப் பார்த்தாள், புருஷனின் வெறுங்கையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கீழ வெச்சுட்டியா?"

"வெச்சுட்டேன்."

"அடக் கடவுளே. காபி வாங்கிட்டு வர்றதுக்குள்ளயா?" கோப்பைகளை ஹாரலின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கப்போனவள், பாட்டிலைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு ட்ராயிடம் திரும்பினாள். "தம்பி, அது இவரோட அப்பா துப்பாக்கி. அடியில கோணலா ஒரு பித்தளைத் திருகாணி இருக்கும், பாரு. என் மாமனார் வீட்டு அலமாரிக் கதவுல இருந்தது."

ட்ராய் திருப்பிப் பார்த்தான். திருகாணி இருந்தது. அவன் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. நல்ல மனசுக்காரன், திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று வெர்ன் ஒரு நொடி நம்பிவிட்டான்.

"உங்கப்பாவோடதா! சார், சார், இது எனக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் தெரியுமா? அவர் பேர் என்ன? நீங்க இதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ. கறை தெரியிற மாதிரி. அந்தப் பையனைப் பத்தி வீட்டுல ஏதாவது சொல்லுவாரா? ராத்திரியில அலறி எழுந்திருப்பாரா?"

"நான் சொன்னேன்ல!" என்று குதித்தான் ஹாரல். "குடும்பமே வந்து நிக்குது! இதுக்குமேல என்ன சாட்சி வேணும்? விலை இப்ப கூடணும், ஆனா சொன்ன சொல் மாறமாட்டேன்." அட்டையில் பெயரை எழுதப் பேனாவை வேறு எடுத்துவிட்டான். "பேரு சொல்லுங்க, பெரியவரே."

விலை ஏறிவிடும் என்று பயந்துதான் வெர்ன் இவ்வளவு நேரம் அப்பா பேச்சையே எடுக்காமல் இருந்தான். இப்போது எல்லாம் போயிற்று. துப்பாக்கியும் போயிற்று, அப்பா பேரும் அந்த அட்டையில் ஏறப்போகிறது. வந்த கோபத்தில் அவன் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"பேரா? எழுதிக்கோ. எல்மர் பிக்லர். சமையல்காரர்!"

"என்ன காரர்?" என்றான் ஹாரல்.

"சமையல்காரன்யா! பட்டாளத்துச் சமையக்கட்டுல ரொட்டி சுட்ட ஆளு. எங்கப்பா ஓகினாவாவக் கண்ணாலகூடப் பாத்ததில்ல. சண்டையெல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஜப்பான்லயே கால் வெச்சாரு. அப்பவும் கையில கரண்டிதான். துறைமுகத்துல குமிச்சுக் கெடந்ததுல கையில பட்டத எடுத்தாரு. பக்கத்துல கெடந்தது இதவிட நல்லாயிருந்துச்சாம், அத எட்டி எடுக்க சோம்பேறித்தனமாம். ஒருத்தனையும் சுட்டதில்ல, குத்தினதில்ல, அடிச்சதில்ல!"

"அப்ப... இந்த ரத்தம்?" என்றான் ட்ராய்.

"வால்நட்டு! நீ இவ்வளவு நேரம் மோந்து பாத்தியே, அது எங்க வீட்டு வால்நட்டுத் தோல். வருஷா வருஷம் இத வெச்சுத்தான் இடிப்பாரு. நம்பலன்னா எச்சி தொட்டுத் தேச்சுப் பாரு. இல்ல, இவன் பாட்டில் இருக்கே, அதுல தொட்டுத் தேய்!"

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு கிழவி, "அய்யய்யோ, எல்மரோட கேக்கா! நான் தின்னிருக்கேனே!" என்றாள். யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. ட்ராயின் காது மடல் சிவந்துவிட்டது. கையிலிருந்ததைப் பார்த்தான். சற்று முன்பு வரை மூக்கோடு ஒட்டவைத்து மோந்த சாமான். இப்போது அதில் ஏதோ ஊர்வதுபோலப் பார்த்தான்.

"சமையல்காரனோட துப்பாக்கியா?"

மெதுவாக வெல்வெட்மேல் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் துடைத்தான். ஒருமுறை அல்ல, அழுத்தி அழுத்தித் துடைத்தான். ஒரு பிள்ளையின் ரத்தம் என்றபோது துடைக்காத கை. ஒரு மனுஷன் நாலு பேருக்குத் தின்னக் கொடுத்தான் என்றதும் அசிங்கப்பட்டுவிட்டது அந்தக் கைக்கு! வெர்ன் அதைக் கண்ணால் பார்த்தான், வாழ்நாளில் அதைவிட அருவருப்பான எதையும் பார்த்ததில்லை என்று நினைத்தான்.

"வெர்ன்!" நார்மா முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தாள். "எடுடா!"

எடுத்தான். இந்த முறை இரண்டு கையாலும், நெஞ்சோடு.

அதன்பிறகு பேரம் நீளவில்லை. சிரிக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஹாரலால் என்ன கேட்க முடியும்? நியாயமான விலைக்கே இறங்கிவந்தான். வெர்ன் பணத்தை எண்ணி வெல்வெட்டில் வைத்தான். அட்டையைப் பிய்த்து, நாலாகக் கிழித்து, அந்தச் சோடா பாட்டிலின் வாயில் திணித்தான். ஹாரலுக்கு அதற்கும் கோபம் வரவில்லை. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் இதே ரகத்துத் துப்பாக்கிகள் இன்னும் மூன்று, நான்கு கிடந்தன.

கூட்டம் கலைந்ததும் குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் கேட்டான்.

"பெரியவரே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அந்தத் தோல்... ஊறவெச்சுக் காய்ச்சணுமா, இல்ல பச்சையாவே தடவலாமா? அச்சு அசலா ரத்தம் மாதிரியே இருக்கு."

நார்மா வெர்னின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டிக்கு வரும்வரை அவள் திட்டிக்கொண்டே வந்ததை எழுத முடியாது. கர்த்தரின் பெயர் மட்டும் அதில் ஏழெட்டு இடத்தில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். இப்போது அவர்கள் குடியிருக்கும் அப்பா வீட்டுக் கொல்லையில் வால்நட் கொட்டிக் கிடந்தது. வெர்ன் போல்ட்டைக் கழற்றி, அப்பா வைத்த மாதிரியே இழுப்பறையில் வைத்தான். குடைந்து வைத்த பூவை அந்த வாரமே ராவி எடுத்துவிட்டிருந்தான். பழைய பள்ளம் திரும்ப வழவழவென்று வந்துவிட்டது. பின்கட்டையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துடைத்தும் வைத்திருந்தான். மரத்தடியில் கல்லைப் போட்டு, ஒரு காயை வைத்து, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து ஓங்கி இடித்தான்.

பச்சைத் தோல் நசுங்கியது. சாறு கல்லில் வழிந்தது, பழைய கறைமேல் புதுக் கறை ஊறியது. மஞ்சளாக வந்து கண்ணெதிரே கறுத்தது. அடுத்த காயை வைத்தான். ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, தோள் பிடிச்சுக்கிச்சா?" என்றாள் நார்மா. கூடையோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

"பின்ன?"

"அந்தப் பையன் அம்மாவக் கூப்பிடுறான்."

"எந்தப் பையன்? அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லையே, வெர்ன். அந்தத் தடியன் வாயில வந்த பொய்."

"தெரியும்."

"இது வால்நட்டு."

"எனக்குத் தெரியாதா, நார்மா? ஐம்பது வருஷமாத் தெரியும்." அவன் கைகளைப் பார்த்தான். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. நன்றி அறிவிப்பு நாள் தாண்டினாலும் போகாது. "அந்தப் பாவி துப்புனது இதுல ஒட்டிக்கிச்சு. மூணு தடவ கழுவியும் போகல."

நார்மா அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கினாள். தோலோடு ஓடும் உடையும்படி தானே இரண்டு இடி இடித்தாள். பருப்பை எடுத்து ஊதி, அவன் வாயில் வைத்தாள். அவன் மென்றான். விழுங்கப் பார்த்தான். முடியவில்லை. திரும்பிப் புல்லில் துப்பினான்.

நார்மா துப்பாக்கியைப் பின்வாசல் சுவரில், பழைய இடத்தில் சாத்தினாள். கொல்லைக் கொட்டகைக்குள் போய், காயை உடைக்கச் சுத்தியலை எடுத்துவந்தாள்.